மறு: கோஸ்டிங்குக்குத் தமிழ்ச்சொல் – பேய்ப்பிம்பமா, சுவடா?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

கணினி விளையாட்டுக்குப் பெரிய எல்சிடி திரை வாங்குவோருக்கான கையேட்டுக்காக நம் நண்பர் கேட்ட சொற்களில் பெரும்பாலானவை ஒருவாறு ஒப்பேறிவிட்டன. ‘கோஸ்டிங்’, அதாவது திரையில் ஓடும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய மிச்சம் தெரியும் கோளாறு, இந்த உரையாடல் இழையை விட்டு நகர மறுக்கிறது. என் பங்குக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கோஸ்ட் என்றால் பேய்தானே ஐயா? ‘பேய்ப்பிம்பம்’ என்று வைத்தால் சின்னப் பையனுக்கும் புரியுமே!

புரியாது என்பதுதான் என் பயம். தமிழில் ஒரு சொல்லுக்கு முன்னால் பேய் வந்து உட்கார்ந்தால் அந்தப் பொருள் மங்குவதில்லை, மூர்க்கம் கொள்கிறது. பேய்மழை கொட்டித் தீர்க்கும், பேய்க்காற்று மரத்தை முறிக்கும். இல்லையென்றால் பேய்ச்சுரை, பேய்ப்புடல் மாதிரி வாயில் வைக்க முடியாத காட்டுவகை என்று பொருள்படும். நாம் பெயர் தேடுவதோ, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைக் கசக்கிப் பார்க்கவைக்கும் ஒரு மெல்லிய கறைக்கு. மௌஸை ‘எலி’ என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு; நிலைத்தது சுட்டி. அது செய்யும் வேலையைப் பார்த்து வைத்த பெயர். இங்கேயும் திரையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

> தூர்தர்ஷன் காலத்தில் படம் இரண்டிரண்டாகத் தெரியுமே, அதுவும் கோஸ்டிங்தானே? ‘இரட்டைப் பிம்பம்’ போதாதா?

ஆங்கிலத்தில் அதற்கும் அதே பெயர்தான், ஆனால் சங்கதி வேறு. அது அலை வந்து சேர்வதில் வரும் சிக்கல். கட்டடத்திலோ மலையிலோ பட்டுத் திரும்பிய அலை சற்றுப் பிந்தி வந்து சேர, அசல் படத்துக்கு வலப்பக்கமாக இன்னொரு படம் ஒட்டிக்கொள்ளும். மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினால் சரியாகும். படம் அசையாமல் நின்றாலும் இரண்டாகத்தான் தெரியும். எல்சிடியில் நிற்கும் படம் சுத்தமாக இருக்கும், அசைந்தால்தான் கோளாறு. ஆகவே ‘இரட்டைப் பிம்பம்’ அந்தப் பழைய தொலைக்காட்சிக்கே இருக்கட்டும்.

எல்சிடியில் ஒவ்வொரு படவணுவிலும் (பிக்சல், படத்தை ஆக்கும் சிறு புள்ளி) திரவப் படிகம் இருக்கிறது. மின்னழுத்தம் மாறும்போது படிகம் திரும்பி, பின்னாலிருந்து வரும் ஒளியைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது. திரும்ப அதற்கு நேரம் பிடிக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், ஒரு படச்சட்டம் (ஃப்ரேம்) 16.7 மில்லிநொடி நிற்கும், 144 ஹெர்ட்ஸில் 6.9, 240 ஹெர்ட்ஸில் 4.2. ஒரு படவணு நிறம் மாற 12 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 60 ஹெர்ட்ஸில் தப்பித்துவிடும். 144 ஹெர்ட்ஸில் அது பாதி மாறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சட்டம் வந்து நிற்கிறது. பழைய நிறம் இன்னும் போகவில்லை. பொருள் நகர்ந்துவிட்டது, அது இருந்த இடத்தில் அதன் மிச்சம் கிடக்கிறது. கிரிக்கெட் விளையாட்டில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது பின்னால் ஒரு வெளிறிய வால் வருமே, அதுதான்.

கடந்து போனது விட்டுச்செல்வதைத் தமிழில் சுவடு என்கிறோம். கோஸ்டிங்குக்கு அதுவே போதும் என்பது என் முடிவு. ‘இந்தத் திரையில் சுவடு விழுகிறது’, ‘சுவடற்ற திரை’ என்று பேச்சிலும் எழுத்திலும் தடையில்லாமல் வருகிறது. முதன்முறை வரும்போது பிம்பச் சுவடு என்று எழுதிவிட்டு, அப்புறம் வெறும் சுவடு என்றே தொடரலாம். ‘பின்பிம்பம்’ பரிந்துரைத்த தோழர் கோபித்துக்கொள்ளக் கூடாது: விளக்கை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் உள்ளே தெரிவதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. அது கண்ணில் நடப்பது, இது திரையில் நடப்பது.

> சுவடு என்றால் அழியாமல் பதிந்தது. ஓஎல்இடியில் வரும் பர்ன்-இன்னுக்குத்தானே அது பொருந்தும்?

நல்ல கேள்வி. ஓஎல்இடி என்பது படவணுக்கள் தாமே ஒளிவிடும் திரை; அதில் ஒரே படம் நெடுநேரம் நின்று நிரந்தரமாகப் பதிந்துவிடுவதுதான் பர்ன்-இன். ஆனால் மணலில் விழுந்த சுவடு அடுத்த அலையில் போய்விடும். அழியாமை அந்தச் சொல்லுக்குள் இல்லை. என்றென்றைக்கும் தங்குவதற்கு நம்மிடம் இன்னும் கூரான சொல் இருக்கிறதே, தழும்பு. பர்ன்-இன்னைத் ‘திரைத் தழும்பு’ என்றால் வாங்குபவருக்கு விளக்கமே தேவைப்படாது. சுவடு போகும், தழும்பு போகாது.

சுவடு என்று வைப்பதில் இன்னொரு வசதி, அது குட்டி போடும். எல்சிடியிலேயே விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. விஏ வகைத் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 32 அங்குலத்திலும் 34 அங்குல அகலத்திரையிலும் விலை குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். மாறுபாட்டு விகிதம் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி வித்தியாசம்) 3000:1 அளவில் இருக்கும். ஐபிஎஸ் வகையில் 1000:1 சுமார். இருட்டுக் காட்சி அழகாக இருக்கும். ஆனால் கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறுவதில்தான் விஏ மிகவும் மந்தம். இருண்ட நடைபாதையில் எதிரி குறுக்கே ஓடினால் உருவத்துக்குப் பின்னால் மை இழுகியது போல ஒரு பட்டை வரும். அதைக் கருஞ்சுவடு என்போம். வீட்டிலேயே பார்க்கலாம்: கறுப்புப் பின்னணியில் அடர்சாம்பல் எழுத்துள்ள பக்கத்தைத் திறந்து வேகமாக மேலும் கீழும் உருட்டுங்கள். எழுத்து கரைந்து ஒழுகினால் கருஞ்சுவடு இருக்கிறது.

இந்த மந்தத்தைப் போக்கத் தயாரிப்பாளர்கள் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கொஞ்ச நேரம் கொடுத்துப் படிகத்தை விரட்டுகிறார்கள். திரையின் பட்டியலில் ‘ஓவர்டிரைவ்’ என்று இருப்பது அதுதான். ‘மிகையுந்தம்’ வேண்டாம், இயற்பியலில் உந்தம் வேறு. மிகையுந்தல் சரியாக இருக்கும். அளவு மீறினால் படவணு போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும். பொருளின் ஓரத்தில் வெளிர் விளிம்பு மின்னும். அதற்கு எதிர்ச்சுவடு. இப்போது கையேட்டில் இப்படி எழுதலாம்: ‘மிகையுந்தலை நடுநிலையில் வையுங்கள், உச்சத்தில் வைத்தால் சுவடு குறையும், எதிர்ச்சுவடு முளைக்கும்.’ பேய்ப்பிம்பத்தை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள்!

பெட்டியில் ‘1 மில்லிநொடி’ என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் அந்த உச்ச நிலையில், மிக வேகமாக நடக்கும் ஒரு நிறமாற்றத்தின் அளவு. படவணு நிறம் மாற எடுக்கும் இந்த நேரத்துக்கு (ரெஸ்பான்ஸ் டைம்) துலங்கு நேரம் என்று நாம் ஒத்துக்கொண்ட சொல் எனக்கு மிகவும் பிடித்தது. தூண்டல், துலங்கல் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்ததுதான். கையேட்டில் ‘சராசரித் துலங்கு நேரம் பாருங்கள்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

> மோஷன் ப்ளரும் கோஸ்டிங்கும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் வேலை மிச்சம்.

இதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். ஓஎல்இடி திரையில் படவணு கண்ணிமைக்கும் முன் மாறிவிடும், சுவடே கிடையாது. இருந்தும் 60 ஹெர்ட்ஸில் ஓடும் பொருள் மங்கலாகத்தான் தெரியும். காரணம், படச்சட்டம் அசையாமல் 16.7 மில்லிநொடி நிற்கிறது, நம் கண்ணோ பொருளைத் துரத்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு 960 படவணு நகரும் பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 படவணு அகலத்துக்கு மங்கும்; 120 ஹெர்ட்ஸில் 8. இதற்கு அசைவு மங்கல் என்று தனிச்சொல்லே வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு. சுவட்டுக்கு வேகமான திரவப் படிகம் வேண்டும், அசைவு மங்கலுக்குக் கூடுதல் புதுப்பிப்பு வீதம் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் 165 ஹெர்ட்ஸ் என்று நம்பி மந்தமான விஏ திரையை வாங்கிவந்து, கருஞ்சுவட்டைப் பார்த்துத் தலையில் கைவைப்பார்கள்.

பெரிய திரையில் இது இன்னும் உறுத்தும். 1920×1080 பிரிதிறனில் அந்த 16 படவணு, 24 அங்குலத் திரையில் 4.4 மில்லிமீட்டர், 32 அங்குலத்தில் ஏறத்தாழ 6. அதனால்தான் 32 அங்குலத்துக்கு 2560×1440ஆவது வேண்டும் என்கிறோம். 24 அங்குல 1080இல் இருக்கும் அதே படவணு நெருக்கம், அங்குலத்துக்கு 92 சுமார், அப்போதுதான் கிடைக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு படச்சட்டங்களின் துண்டுகள் திரையில் தெரியும் ‘டியரிங்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிழிசல் அருமையான சொல். ‘திரைக் கிழிசல்’ என்று மட்டும் எழுத வேண்டாம், கடைக்காரர் பேனல் உடைந்துவிட்டதாக நினைத்து உத்தரவாத அட்டையைக் கேட்பார். படக் கிழிசல் என்போம். திரையின் புதுப்பிப்பைக் கணினி படம் தரும் வேகத்துக்கு ஏற்ப மாற்றி அதைத் தவிர்க்கும் அடாப்டிவ் சிங்குக்குத் தகவமை ஒத்திசைவு. ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் வணிகப் பெயர்கள், அவற்றை அப்படியே விடலாம்.

இன்னும் தீராதது ‘இன்புட் லேக்’. உள்ளீட்டுத் தாமதம் என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். சுட்டியைச் சொடுக்கியதற்கும் திரையில் துப்பாக்கி வெடிப்பதற்கும் இடையில் உள்ள முழு நேரத்துக்கும் அது பொருந்தும். ஆனால் திரை தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதத்தை மட்டும் சொல்ல என்ன செய்வது? திரைத் தாமதம் என்றால் துலங்கு நேரத்தோடு குழப்பிக்கொள்வார்களோ என்று எனக்குத் தயக்கம். யாருக்காவது வேறு சொல் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.