வால்மீனின் பச்சை நிறம் வாலுக்கு ஏன் எட்டுவதில்லை?

கேள்வி (டர்பன்):
அனைவருக்கும் வணக்கம். 2014 டிசம்பர் இறுதியில் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, முயல் விண்மீன் கூட்டத்தின் ஊடே சென்ற லவ்ஜாய் வால்மீனைப் படம்பிடித்தேன். அண்மையில் அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தலை இளம்பச்சை வட்டமாகவும் வால் மங்கிய நீலக் கீற்றாகவும் தெரிகின்றன. வாலுக்குள் துளிப் பச்சையும் இறங்கவில்லை. இரண்டும் ஒரே பனிக்கருவிலிருந்து வருபவை என்றால், இவ்வேறுபாடு எதனால்?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
ஐயா, அந்தப் பச்சை, இரண்டே கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் ஒளி. அசெட்டிலீன் போன்றவை பனியிலிருந்து வாயுவாக வெளியேறிய பின், சூரியனின் புற ஊதாக் கதிர் அவற்றின் ஹைட்ரஜன் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட, எஞ்சி நிற்பது அதுதான். உண்டாக்கிய கதிரே அதை உடைக்கவும் செய்கிறது. அவ்வளவு எளிதில் அன்று: ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) போதாது, இரண்டை உள்வாங்கியே அது பிரிகிறது என்பதை 2021இல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆய்வகத்தில் லேசர் கொண்டு காட்டினார்கள். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில் அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு நாள். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் விரியும் வாயுவோடு ஓடினாலும், இரண்டு லட்சம் கிலோமீட்டரைக் கடக்குமுன் பெரும்பகுதி உடைந்துவிடும். வாலோ பல லட்சம் கிலோமீட்டர் நீள்வது. நீங்கள் கண்ட நீலம், எலெக்ட்ரானை இழந்த கார்பன் மோனாக்சைடு தருவது. அதைச் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், இழுத்துச் செல்கிறது.

பதில் (பிரிட்டோரியா):
விளக்கம் சரியே, ஆயினும் வாயு விரிந்து நீர்த்துப்போவதாலும் விளிம்பு மங்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீர் மூலக்கூறுக்கும் இதே கதிதான். பூமியின் தொலைவில் ஏறத்தாழ ஒரு நாளில் அது ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சிலாகவும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) பிளக்கிறது. அந்த ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டரில் ஒளிர்வதை நமது காற்றுமண்டலம் மறைத்துவிடுவதால், தரையிலிருந்து யாரும் காண இயலாது. 1969 டிசம்பர் 28 அன்று எங்கள் ஊரிலிருந்து பென்னட் என்ற வான் நோக்கர் கண்டுபிடித்த வால்மீனை மறு ஆண்டு செயற்கைக்கோள்கள் நோக்கியபோதுதான், சூரியனைவிடப் பெரிய ஹைட்ரஜன் மேகம் அதைச் சூழ்ந்திருப்பது தெரியவந்தது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி இது.

கேட்டவர் (டர்பன்):
இருவருக்கும் நன்றி. அப்போது லவ்ஜாய் சூரியனிலிருந்து பூமியைப் போல 1.4 மடங்கு தொலைவில் இருந்தது. தொலைவின் இருமடிக்கேற்பக் கதிர் குறைவதால், பச்சை மூலக்கூறின் ஆயுள் ஏறத்தாழ இரட்டித்திருக்க வேண்டும். படத்திலுள்ள இரு விண்மீன்களின் இடைவெளியை அளவுகோலாக வைத்து, அந்த வட்டத்தின் ஆரத்தை இன்றிரவே அளக்கப்போகிறேன்.