மறு: ‘வழியுரிமை’ சரியான சொல்தானா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

சாலையில் யார் முதலில் போகலாம் என்பதைக் குறிக்கும் ‘ரைட் ஆஃப் வே’ (right of way) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘வழியுரிமை’ என்றே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று நேற்றைய மடலில் கண்டேன். சற்றுப் பொறுங்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடறுகிறது.

பிறர் நிலத்தின் ஊடே நடந்துபோகும் பாத்தியத்தையும் அதே சொல்லால் குறிக்கிறோம். அது சிறிய தடை. பெரிய தடை, சாலை விதிகள் பெரும்பாலும் உரிமையைப் பேசுவதில்லை. யார் வழிவிட வேண்டும் என்பதையே சொல்கின்றன. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை வழிவிடுதலை இப்படி வரையறுக்கிறது: தான் முன்னேறுவதால் மற்ற ஓட்டுநர் திடீரென வேகத்தையோ திசையையோ மாற்ற நேரிடும் என்றால் முன்னேறக் கூடாது. ‘திடீரென’ என்பதில்தான் நுட்பம். மற்றவர் லேசாக வேகம் குறைத்தால் பாதகமில்லை, பதறிப் பிரேக்கை மிதிக்கும்படி செய்யக் கூடாது.

வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடு என்பது பல நாடுகளின் விதி. நான்கு திசையிலிருந்தும் நான்கு கார்கள் ஒரே நொடியில் சந்திப்புக்கு வந்தால்? நால்வருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருக்கிறார். உரிமை ஒருவருக்கும் இல்லை, கடமை நால்வருக்கும் உண்டு! யாராவது ஒருவர் கையசைத்தால்தான் முடிச்சு அவிழும்.

ஆகவே கடமையின் பக்கமிருந்து சொல்லாக்குவோம். என் பரிந்துரை ‘வழிவிடுகடன்’. சங்கத் தமிழில் கடன் என்றால் கடமை. வங்கிக் கடன் நினைவுக்கு வரும் என்று சிலர் சிரிக்கலாம்; சிரிக்கட்டும்.

‘விட்டுக்கொடுத்தல்’ என்ற இன்னொரு பரிந்துரையை ஏற்க முடியவில்லை. அது பெருந்தன்மையைக் குறிக்கும். தன் முறை வந்தும் நின்று, எதிரே திரும்பக் காத்திருப்பவரை “நீங்கள் போங்கள்” என்று அனுப்பும் பெருந்தன்மைதான் பல வேளைகளில் ஆபத்து. பக்கத்துத் தடத்தில் வருபவருக்கு அந்தக் கையசைப்பு தெரியாது.

தலைகீழ் முக்கோணப் பலகைக்கு ‘வழிவிடு பலகை’ போதும். எண்கோண ‘நில்’ பலகையோடு இதைக் குழப்பக் கூடாது. அங்கே சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் முழுதாக நிற்க வேண்டும்; இங்கே யாரும் வரவில்லை என்றால் நிற்காமலே போகலாம்.

— — —

மறுமொழி:

ஐயா, வாதம் பிடித்திருக்கிறது, கடன் பிடிக்கவில்லை. ஓட்டுநர் பயிற்சிக் கையேட்டில் “உங்கள் வழிவிடுகடன்” என்று அச்சிட்டால் படிப்பவர் தவணை எவ்வளவு என்று கேட்பார். ‘வழிவிடு கடமை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

இன்னொன்று. வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகையை மறந்துவிட்டீர்கள். அது ஓட்டுநரிடம் “இந்தச் சாலையில் முன்னுரிமை உனக்கு” என்று நேராகவே சொல்கிறது. அதற்குக் கடமைப் பக்கத்துச் சொல் உதவாது. வட்டச்சந்தியும் (ரவுண்டானா) அப்படியே. உள்ளே சுற்றிவருபவருக்கே முன்னுரிமை என்று பிரிட்டன் 1966இல் விதித்தது. உள்ளே இருப்பவர், நுழைபவருக்காக நின்றால் வெளியேறும் வழியும் அடைபட்டு வட்டமே முடங்கிவிடும். அங்கே ‘முன்னுரிமை’ என்று சொல்லாமல் எப்படி விளக்குவீர்கள்?

— — —

மறுமொழி:

சாய்சதுரத்தை மறந்தது என் பிழை. ‘முன்னுரிமைச் சாலை’ இருக்கட்டும். கடனையும் தள்ளுபடி செய்துவிடுகிறேன். ‘வழிவிடு கடமை’ சரி. ‘வழியுரிமை’ மட்டும் நிலப் பத்திரத்தோடு நிற்கட்டும்.