ஜெர்மனியிலிருந்து காரில் தெற்கே இறங்குகிறீர்களா? சுங்கமும் விதிகளும், எல்லைக்கு முன்பே முடிக்க வேண்டியவையும்

ஜெர்மனிக்குக் குடிவந்து, ஆட்டோபான் என்ற நெடுஞ்சாலையில் ஒரு சென்ட் கட்டாமல் ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் சறுக்கல் பெரும்பாலும் எல்லை தாண்டியதும்தான் வருகிறது. ரோஸ்டாக்கிலும் லூபெக்கிலும் உள்ள இரண்டு சுரங்கப்பாதைகளை விட்டால் ஜெர்மனியில் காருக்குச் சாலைக் கட்டணம் கிடையாது. தெற்கே போனால் நாட்டுக்கு ஒரு கணக்கு. சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் கால அளவுக்கு வாங்குகின்றன. இத்தாலியும் பிரான்ஸும் ஓடிய தூரத்துக்கு வாங்குகின்றன. மூன்றாவதாக, சாவடியே இல்லாத சாலைகள் இருக்கின்றன. கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும், யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள், கட்டணம் பாக்கி இருப்பதே உங்களுக்குத் தெரியாது. பணம் அதிகம் போவது இந்த மூன்றாவது வகையில்தான்.

சுங்கத்துக்கு முன் லைசென்ஸைப் பாருங்கள். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் வரைதான் செல்லும். அதற்குப் பிறகு ஓட்டினால் உரிமமின்றி ஓட்டிய குற்றம். அது சாதாரண அபராதத்தோடு முடியாது, காப்பீட்டுச் சிக்கலும் சேர்ந்து வரும். அந்த 6 மாதத்துக்குள் பயணம் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் அசல் உரிமமும் சேர்ந்தே கையில் இருக்க வேண்டும். அனுமதிச் சீட்டு தனியாகச் செல்லாது. அதை உரிமம் கொடுத்த நாடுதான் தரும், ஜெர்மன் அலுவலகம் இந்திய உரிமத்துக்குத் தராது. இந்தியாவில் படிவம் 4ஏ மூலம் விண்ணப்பிக்க வேண்டும், செல்லுபடி ஒரு வருடம். இலங்கையர்களுக்கு இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் வழங்குகிறது. விமானம் ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள், இங்கே வந்தபின் இதற்காக அலைவது வீண்பாடு.

இனி சுவிட்சர்லாந்து. நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற ஆண்டு அனுமதி வேண்டும். விலை 40 ஃபிராங்க். ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு என்று எதுவும் கிடையாது, ஒரே நாள் போனாலும் அதே 40தான். முந்தைய ஆண்டு டிசம்பர் 1 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை 14 மாதம் செல்லும். அதனால் டிசம்பரில் போகிறவர்கள் புதிய ஆண்டுக்கானதை வாங்கினால் லாபம். 2023 ஆகஸ்ட் முதல் நம்பர் பிளேட்டோடு இணைந்த மின் விக்னெட்டும் இருக்கிறது. அதைச் சுவிஸ் சுங்கத்துறையின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். தேடலில் மேலே வரும் இடைத்தரகர் தளங்கள் அதே விக்னெட்டுக்குச் சேவைக் கட்டணம் சேர்த்து வாங்குகின்றன. ஒட்டும் விக்னெட் வாங்கினால் முன் கண்ணாடியில் அதன் சொந்தப் பசையில் நேரடியாக ஒட்ட வேண்டும். செலோடேப்பில் ஒட்டினாலோ டாஷ்போர்டில் வைத்தாலோ விக்னெட் இல்லாததற்குச் சமம்: 200 ஃபிராங்க் அபராதம், அதன் மேல் விக்னெட் விலை. பின்னால் டிரெய்லர் இழுத்தால் அதற்குத் தனி விக்னெட். கொத்தார்ட் சுரங்கத்துக்கு விக்னெட்டே போதும், கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம்.

மின் விக்னெட்டில் அடிக்கடி நடக்கும் தவறு, பிளேட் எண்ணைத் தப்பாகப் போடுவது. ஆங்கில ‘ஓ’ எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையே குழப்பம், நாட்டுப் பட்டியலில் ஜெர்மனிக்குப் பதில் வேறு நாட்டைத் தொட்டுவிடுவது, மேலே இரண்டு புள்ளி உள்ள ஜெர்மன் எழுத்தைப் புள்ளியில்லாமல் போடுவது. பணம் கட்டியிருப்பீர்கள், ஆனால் கேமராவின் கணக்கில் உங்கள் காருக்கு விக்னெட் இல்லை. நினைவிலிருந்து அடிக்காமல் பதிவுச் சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து போடுங்கள். வாடகைக் கார் என்றால் சாவி வாங்கி பிளேட்டைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள். அதற்கு முன், அந்தக் காருக்கு ஏற்கெனவே விக்னெட் இருக்கிறதா என்று அதே தளத்தில் பார்த்துவிடலாம்.

ஆஸ்திரியாவில் 1 நாள், 10 நாள், 2 மாதம், 1 வருடம் என்று நான்கு வகை விக்னெட். விலை ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும், வாங்கும்போது அந்நாட்டு நெடுஞ்சாலை நிறுவனமான அஸ்ஃபினாக்கின் தளத்தில் பாருங்கள். ஓராண்டு மின் விக்னெட்டைத் தனிநபராக ஆன்லைனில் வாங்கினால் 18ஆம் நாளிலிருந்துதான் செல்லும். வாங்கியவர் திருப்பித்தரும் உரிமைக்கான காலம் கழியட்டும் என்பதால் இப்படி. நாளைக்குப் பயணம் என்றால் 10 நாள் வகையே சரி.

விக்னெட் வாங்கிவிட்டோம், இனி எல்லாம் சேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மியூனிக்கிலிருந்து வெரோனாவுக்குப் போகும் வழியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் எல்லையிலிருந்து குஃப்ஸ்டைன் தெற்கு வெளிவழி வரை 2019 டிசம்பர் முதல் விக்னெட் தேவையில்லை. அதைத் தாண்டி இன்ஸ்ப்ருக் வரை ஏ12 சாலைக்கு விக்னெட் வேண்டும். இன்ஸ்ப்ருக்கிலிருந்து பிரென்னர் கணவாய்க்கு ஏறும் ஏ13 சாலையில் விக்னெட் செல்லாது. அங்கே தனிப் பாதைக் கட்டணம், முன்கூட்டியே பிளேட் எண் கொடுத்து ஆன்லைனில் கட்டிவிட்டால் சாவடியில் நிற்க வேண்டாம். டவர்ன், கரவாங்கன், ஆர்ல்பெர்க், பூர்ன் பாதைகளிலும் இதே போலத் தனிக் கட்டணம் உண்டு. கணவாயைத் தாண்டி இறங்கியதும் இத்தாலியின் ஏ22. அங்கே சீட்டு எடுக்கும் முறை.

இத்தாலியச் சாவடியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து மேலே உள்ள பலகைகளைப் படியுங்கள், பாதையைத் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது சில விநாடிகள்தான். மஞ்சள் டெலிபாஸ் பாதை, கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் கருவியைக் கண்ணாடியில் வைத்திருப்பவர்களுக்கு. நீலம் அட்டைக்கு. வெள்ளைப் பலகையில் நாணயமும் நோட்டும் வரைந்திருந்தால் ரொக்கம். நெடுஞ்சாலையில் ஏறும்போது பொத்தானை அழுத்திச் சீட்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். இறங்கும் இடத்தில் சீட்டு இல்லையென்றால், அந்தப் பாதையின் மிகத் தொலைவான நுழைவிலிருந்து வந்ததாகக் கணக்கிடுவார்கள்.

தப்பான பாதையில் நுழைந்துவிட்டால், அல்லது அட்டை வேலை செய்யவில்லையென்றால், ரிவர்ஸ் எடுக்கவே எடுக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து, அபராதமும் கடுமை. அங்கேயே நின்று உதவிப் பொத்தானை அழுத்துங்கள். இயந்திரம் ஒரு நீளச் சீட்டைத் துப்பும், தலைப்பில் ‘மான்காதோ பகமெந்தோ’ என்று இருக்கும். கட்டணம் கட்டப்படவில்லை என்று அர்த்தம். தடுப்பு திறந்துவிடும். அந்தச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து 15 நாளுக்குள் ஆன்லைனில் கட்டிவிட்டால் கூடுதல் செலவில்லை. சீட்டைக் கசக்கிக் கதவு இடுக்கில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. எடுத்த கையோடு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

சாவடியே இல்லாத சாலைகளும் வடக்கு இத்தாலியில் உள்ளன. சுவிஸிலிருந்து சியாசோ வழியாக இறங்கி மிலானைச் சுற்றிப் போகிறவர்களை மேப் செயலி சர்வசாதாரணமாக ஏ36 பெதெமொந்தானா சாலையில் திருப்பிவிடும். கோமோவைச் சுற்றும் ஏ59 சாலையும் அப்படித்தான். 15 நாளுக்குள் அந்தச் சாலையின் தளத்தில் பிளேட் எண்ணைப் போட்டுக் கட்ட வேண்டும். பிரான்ஸில் இதற்கு ‘ஃப்ளுக்ஸ் லீப்ர’ என்று பெயர். பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13, ஏ14, நாட்டின் நடுவே ஏ79 ஆகியவை இவ்வகை. அங்கே அவகாசம் 72 மணி நேரம்தான். ஏ13, ஏ14இல் தவறினால் ஒரு கடப்புக்கு 90 யூரோ, அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் 375 யூரோ. போகும்போது ஒரு கடப்பு, திரும்பும்போது இன்னொன்று என்று தனித்தனியாகச் சேரும். அன்று மாலை தங்குமிடத்துக்குப் போனதும் கடந்த சாலைகளைச் செயலியில் பார்த்து அங்கேயே கட்டிவிடுவதுதான் நல்லது, ஊர் திரும்பியபின் என்றால் மறந்துவிடும்.

இத்தாலிய நகரங்களில் சுங்கத்தைவிட அதிகம் பயப்பட வேண்டியது இசட்.டி.எல் என்ற தடைப் பகுதிக்கு. ஃபுளோரன்ஸ், ரோம், பைசா, போலோன்யா என்று பழைய நகர மையங்களில் எல்லாம் உண்டு. சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை வட்டம், கீழே நேரம் எழுதிய பலகை, பக்கத்தில் கேமரா. மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்றால் தடை நடப்பில் இருக்கிறது, நுழையக் கூடாது. ‘நோன் அத்தீவோ’ என்றால் போகலாம். அத்தீவோ என்பதைத் திறந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு உள்ளே போகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு நுழைவும் தனி அபராதம். ஹோட்டலைத் தேடி ஒரே தெருவை மூன்று முறை சுற்றினால் மூன்று கடிதம் வரும். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் முன்னாடியே பிளேட் எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். வாடகைக் கார் என்றால் உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கே அந்த நிறுவனம் தனியாக ஒரு தொகை எடுக்கும், அபராதம் அதற்குப் பிறகு.

வேகத்தில் கவனம் வேண்டியது முக்கியமாகச் சுவிஸில். நகருக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120. நகருக்குள் 5 கிலோமீட்டர் கூடினாலே 40 ஃபிராங்க், 6 முதல் 10 வரை 120, 11 முதல் 15 வரை 250. அதற்கு மேல் போனால் வழக்கு. 50 பகுதியில் 100ஐத் தொட்டால் சிறை வரை போகும். ரேடார் கேமராவைக் காட்டும் செயலியைப் பயன்படுத்துவதும் அங்கே குற்றம், எல்லைக்கு முன்பே அணைத்துவிடுங்கள். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் நெடுஞ்சாலை வேகம் 130, மழை பெய்தால் 110. உரிமம் பெற்று 3 வருடம் ஆகாதவர்களுக்கு பிரான்ஸில் எப்போதும் 110, இத்தாலியில் 100. காதில் இயர்ஃபோன் மாட்டி ஓட்டுவது பிரான்ஸில் தடை. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச்சாலையில் குளிர்கால டயர் கட்டாயம், டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பளிச்சிடும் மேலங்கியை டிக்கியில் வைக்காமல் இருக்கைக்கு ஒன்றாக உள்ளேயே வையுங்கள், வழியில் கார் நின்றுவிட்டால் கதவைத் திறக்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டியது அது.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது உறவினர் காரில். சூரிச்சிலிருந்து சித்தப்பா மகன் காரில் ஜெர்மனிக்கு வருகிறார், “இரண்டு நாள் நீ ஓட்டு அண்ணா” என்று சாவியைக் கொடுக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் சுவிஸ் பதிவுக் காரை எப்போதாவது, உரிமையாளர் கேட்டுக்கொண்டு, அவரும் ஒன்றியத்துக்குள் இருக்கும்போது மட்டுமே ஓட்டலாம். அவர் விமானத்தில் சூரிச் திரும்பிவிட்டு கார் உங்களிடம் இருந்தால், அதை இறக்குமதியாகக் கருதி வரி கேட்பார்கள். சுங்கத்துறை சாலையோரச் சோதனையிலேயே பிடிக்கும். எதிர்த்திசையிலும் இதே கதை: சுவிஸில் வசிப்பவர் ஜெர்மன் பதிவுக் காரை அங்கே ஓட்ட முன்அனுமதி வேண்டும். வாகனத்தின் மேல் உள்ள பாசத்தில் யாரும் இதை யோசிப்பதில்லை, வரித்தொகை வரும்போதுதான் தெரியும்.

வெளிநாட்டு அபராதம் துரத்தாது என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். ஒன்றிய நாடுகளின் அபராதத்தை 70 யூரோ முதல் ஜெர்மனியே வசூலிக்கிறது, ஆஸ்திரியாவுடன் 25 யூரோ முதல், சுவிஸுடன் 2024 மே முதல் 70 யூரோ முதல். இத்தாலியக் கடிதம் 360 நாள் வரை ஆனபிறகும் வரலாம், கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். அந்தக் கடிதம் காரின் பதிவில் உள்ள முகவரிக்கே போகிறது. ஆகவே வீடு மாறினால் நகராட்சிப் பதிவோடு நிறுத்தாமல் வாகனப் பதிவு அலுவலகத்திலும் முகவரியை மாற்றுங்கள். பழைய வீட்டுத் தபால்பெட்டியில் கடிதம் கிடந்தாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.