காசை மிச்சம் பிடிக்கப் போய்: சால்டரிங் மேசையில் வீட்டுச் சாமான், உங்கள் அனுபவம்

மொட்டைமாடி:

மூன்று நாளாக இது மனதை விட்டுப் போகவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் சமாச்சாரம், இங்கே பாதிப் பேர் செய்திருப்பீர்கள். ஒரு நோட்எம்சியூ (புரோகிராம் போடும் குட்டி போர்டு), அது சொன்னபடி மோட்டாரை நிறுத்தும் ஒரு ரிலே, தொட்டிக்குள் மிதவை ஸ்விட்ச். தண்ணீர் புகாத பெட்டி கேட்டால் உள்ளே வைக்கும் போர்டை விட அதற்கு விலை அதிகம். சரி, பிரியாணி பார்சல் வந்த கெட்டி பிளாஸ்டிக் டப்பா எதற்கு இருக்கிறது? வயர் போகும் ஓட்டைகளை அடைக்க, வாஷ்பேசின் மாட்டிய பிளம்பர் விட்டுப்போன சிலிக்கான் டியூப் பாதி மீதி இருந்தது. ஓட்டையில் வைத்ததோடு விட்டேனா, வயர் ஆடாமல் இருக்கட்டும் என்று போர்டு மேலேயும் நாலு இடத்தில் பிதுக்கிவிட்டு அப்போதே மூடியை இறுக்கிவிட்டேன். மொத்தச் செலவு சுழியம். பெருமை தாங்கவில்லை, கீழ்வீட்டு மாமாவுக்கும் அதே மாலையில் ஒன்று செய்து கொடுத்தேன்.

நாலு மாதம் ஓடியது. போன ஞாயிற்றுக்கிழமை மோட்டார் நிற்கவே இல்லை. தொட்டி வழிந்து, மாடியில் மாமி காயப்போட்டிருந்த வத்தல் முழுக்க மிதந்தது. டப்பாவைத் திறந்தேன். குப்பென்று ஃப்ரைட் ரைஸ் கடை வாசனை. வினிகர்! போர்டில் செம்பு இருந்த இடமெல்லாம் பச்சைப் பொடி. ரிலேயின் ஒரு கால், தொட்டதும் ஒடிந்து விரலோடு வந்துவிட்டது. விரல் நுனியில் ஒட்டியிருந்த அந்தப் பச்சைக் காலைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகுதான் படித்தேன். குளியலறைக்கு வரும் சாதாரண சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுமாம். அந்தப் புளிப்பு வாசனையே அதுதான். மூடிய டப்பாவுக்குள் அது எங்கே போகும்? செம்பைத் தின்றுவிட்டது. ‘நியூட்ரல்’ என்று போட்ட டியூப் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. என் டியூபிலும் என்ன வகை என்று பொடி எழுத்தில் எழுதித்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

ஒற்றை_டயோடு:

அண்ணா, எனக்கு சானிடைசர்.

2020 ஊரடங்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மருந்துக் கடையில் கண்ணிலேயே படவில்லை. வீட்டில் சானிடைசர் ஐந்து லிட்டர் கேன் நிற்கிறது. இரண்டும் ஆல்கஹால்தானே, சால்டர் செய்த பிறகு, அதாவது ஈயத்தால் பற்றவைத்த பிறகு, ஈயம் பிடிக்கப் போட்ட ஃபிளக்ஸின் மிச்சத்தைத் துடைக்க அதையே பிரஷில் தொட்டுத் தேய்த்தேன். பளபளவென்று இருந்தது. அது பாட்டி அறை விளக்குக்குச் செய்த டச் ஸ்விட்ச், இரண்டு ட்ரான்சிஸ்டர், இரண்டு உலோகப் பட்டை, விரல் பட்டால் எரியும். தெரிந்ததுதானே உங்களுக்கு.

இரவு இரண்டரை மணிக்கு விளக்கு தானாக எரிந்தது. மறுநாளும். மூன்றாம் நாள் மழை, அன்று விடிய விடிய அணையவே இல்லை. பாட்டி யாரிடமும் சொல்லாமல் ஸ்விட்சுக்குத் திருநீறு பூசி வைத்திருந்தார். காலையில் போய்ப் பார்க்கிறேன், டச் பட்டை மேல் மூன்று கோடு.

கிளிசரின்தான் காரணம். கை வறண்டு போகாமல் இருக்க அதைச் சேர்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் கொடுத்த கலவையிலேயே 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. ஆல்கஹால் ஆவியாகிவிடும், கிளிசரின் போகாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே அந்த ஈரம் போதும், ட்ரான்சிஸ்டருக்கு அதுவும் ஒரு விரல்தான். ஜெல் வகை என்றால் இன்னும் மோசம், பிசின் மாதிரி படலம் போட்டுவிடும்.

ஆனால் வீட்டுச் சாமானே கூடாது என்று சொல்ல மாட்டேன். தீர்ந்துபோன நெயில் பாலிஷ் குப்பியைக் கழுவி அதில் ஃபிளக்ஸ் ஊற்றி வைத்திருக்கிறேன். மூடியிலேயே பிரஷ். அதைவிட வசதியான குப்பியை யாரும் இன்னும் விற்கவில்லை. என் தங்கைதான் ஒருநாள் அவசரத்தில் அதை எடுத்து நகத்தில் பூசிக்கொண்டாள். அது வேறு கதை.

வலிகாமம்_வயர்:

நான் யாழ்ப்பாணம். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி எல்லாம் இறுகிக் கிடந்த நேரம். ஈயம் உறிஞ்சுகிற பின்னல் நாடா ஒரு சுருள் கேட்டால் கடைக்காரர் சொன்ன விலைக்குப் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் பழைய ரிவி கேபிள் முப்பது அடி கிடந்தது. அதற்குள்ளும் பின்னல்தானே இருக்கிறது, உரித்து எடுத்தேன்.

அப்பப்பாவின் றேடியோ. அதில் ஒரு கண்டென்சரை, மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பாகத்தை, கழற்ற வேண்டும். பின்னலை வைத்துச் சூடு காட்டினேன். ஈயம் ஏறவே இல்லை. தாமரை இலையில் தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு ஓடுகிறது. சூடு போதாது என்று இன்னும் அழுத்தினேன், இன்னும் அழுத்தினேன். கடைசியில் பின்னலைத் தூக்க, போர்டில் இருந்த செம்பு வட்டமே உரிந்து அதோடு வந்துவிட்டது. 1970களின் போர்டு, அந்தச் செம்பைத் திரும்ப எங்கே ஒட்டுவது? அப்பப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பின்னல் அலுமினியம். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. பழைய மைக் வயருக்குள் இருப்பது செம்புப் பின்னல், அதைப் பைன் பிசினில் தோய்த்து எடுத்தால் கடை நாடாவுக்குக் குறைவில்லை. இதை யாராவது எனக்கு ஒரு கிழமை முந்திச் சொல்லியிருந்தால்.

கோவை_555:

அலுமினியம் என்றதும் எனக்கும் எரிகிறது. பிரெட்போர்டுக்கு (சால்டர் இல்லாமல் ஓட்டைகளில் செருகிச் சர்க்யூட் செய்து பார்க்கும் பலகை) ஜம்பர் வயர் காசு கொடுத்து வாங்காதே, லேன் கேபிளை உரி என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஒரு மீட்டர் வாங்கினால் உள்ளே எட்டு மீட்டர் ஒற்றைக் கம்பி, தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர், பிரெட்போர்டு ஓட்டையில் கச்சிதமாக உட்காரும், எட்டு நிறம் வேறு. நான் மலிவு கேபிள் வாங்கினேன். மாணவர்களுக்கு முன்னால் செய்து காட்டும்போது ஒன்றன் பின் ஒன்றாக ஒடிகிறது, ஒடிந்த துண்டு ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். பின்வரிசையில் ஒரு பையன், “சார், வெள்ளிக் கம்பி சார்” என்றான்.

ஊசி வைத்து நோண்டியும் அந்தப் பிரெட்போர்டில் ஏழு ஓட்டை இன்றும் அடைத்தே கிடக்கிறது.

ரிப்பேர்கடை_1984:

எல்லாம் படித்தேன். என் கதை சின்னது. பேரன் வாங்கித் தந்த புது சால்டரிங் அயர்ன், முனை கறுத்துவிட்டது, துடைக்கும் பஞ்சுக்குத் தனிக் காசு எதற்கு என்று அரம் போட்டுத் தீட்டிவிட்டேன். எங்கள் காலத்தில் செம்புப் பிட், அப்படித்தான் தீட்டுவோம். இப்போது வருவதில் செம்புக்கு மேல் இரும்பு முலாம் இருக்கிறது, அது போனால் ஈயம் உள்ளே இருக்கும் செம்பை அரித்துவிடும். பத்து நாளில் முனையில் சொத்தைப் பல் மாதிரி குழி. பேரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு. மொட்டைமாடித் தம்பி, தொட்டிக்கு நோட்எம்சியூ எதற்கு? மிதவை ஸ்விட்சும் ஒரு கான்டாக்டரும் (மோட்டாருக்கான பெரிய ரிலே) போதாதா? அப்புறம் நீங்கள் யாருமே சீரிஸ் போர்டு பற்றிப் பேசவில்லையே. ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட், ஒரு பலகை. மூன்றும் வீட்டுப் பரணில் இருக்கும். 100 வாட் குண்டு பல்பைச் சோதிக்கும் சாமானோடு தொடரில் போடுங்கள். சாமான் ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது, 230 வோல்ட்டில் அந்தப் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் விடும். சார்ஜர், அடாப்டர் மாதிரி எஸ்எம்பிஎஸ் (மின்னணு பவர் சப்ளை) என்றால் பளிச்சென்று ஒருமுறை மின்னி அடங்கும், அது கண்டென்சர் நிறைவது, நல்ல அறிகுறி. அடங்காமல் எரிந்தால் கையை எடுங்கள். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை மிகக் குறைவு, சூடேறியதும் பத்து மடங்குக்கு மேல் ஏறும். தானாகவே பிரேக் போடும் பொருள் அது. எல்இடி பல்பு இதற்கு ஆகாது, அதற்குள்ளேயே தனிச் சர்க்யூட் இருக்கிறது. பலகையில் ஃபியூஸ் கட்டாயம். ஸ்விட்ச் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) பக்கம் வரவேண்டும், நியூட்ரல் வயரில் அல்ல. ரப்பர் செருப்பு. ஒரு கை பின்னால். இந்த ஒரு போர்டு நாற்பது வருடத்தில் எனக்கு எத்தனை ஃபியூஸ், எத்தனை ட்ரான்சிஸ்டர் மிச்சம் பிடித்தது என்று எண்ணவில்லை. இன்றைய பிள்ளைகள் நேராகச் சொருகுகிறார்கள், டமால்.

புகைவந்தது:

சார், மரியாதையோடு சொல்கிறேன், சீரிஸ் பல்பு சாமானைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. அதை நீங்கள் எழுதவில்லை. படிக்கிறவன் பல்பு போட்டுவிட்டோம், இனித் தொடலாம் என்று நினைத்துவிடுவான். அரை ஆம்பியர் ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும்.

என் அனுபவம் அதுதான். செத்துப்போன சிஎஃப்எல் பல்புகளைப் பழைய இரும்புக் கடையிலிருந்து பையோடு வாங்கி வந்து 13003 ட்ரான்சிஸ்டர் கழற்றுவது என் வழக்கம். ஒரு பல்பில் இரண்டு கிடைக்கும், கூடவே ஒரு சோக் (கம்பிச் சுருள்), டயோடுகள். ஒருநாள் இன்னும் உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று ஒன்றை ஹோல்டரில் போட்டு, எரியவில்லை என்றதும் கழற்றி, ஸ்விட்சை அணைத்தாயிற்றே என்ற தைரியத்தில் அப்படியே பிளந்தேன். உள்ளே இருக்கும் டயோடுகள் 230ஐ நேர்மின்சாரமாக்க, கண்டென்சர் அதை 325 வோல்ட் வரை வைத்திருக்கும். இரண்டு விரலும் அதன் இரண்டு காலில். கை தானாகப் பின்னால் பறந்து சுவரில் இடித்தது. சுவரில் முருகன் காலண்டர், அது கீழே விழுந்து, அதன் கீழே நான். அந்த நொடியில் நினைத்தது ஒன்றுதான், பல்பின் கண்ணாடி உடையக்கூடாது, உள்ளே பாதரசம்.

இப்போது எதைத் திறந்தாலும் முதலில் ஒரு சின்னக் குண்டு பல்பின் இரண்டு வயரைக் கண்டென்சர் காலில் வைத்துவிட்டுத்தான் மறு வேலை. அப்புறம் சார், 100 வாட் குண்டு பல்பு எங்கே கிடைக்கிறது இப்போது?

ரிப்பேர்கடை_1984:

கோழிப் பண்ணைச் சாமான் கடையில் கேளுங்கள். குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வாங்குவார்கள். தொடக்கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டது என் தப்புதான். எங்கள் கடையில் யாரும் தொட்டதில்லை, அதனால் தோன்றவில்லை.

பச்சைத்தண்ணி:

போர்டில் வேண்டாத செம்பைக் கரைக்க, நான் ஃபெரிக் குளோரைடுக்குப் பதிலாக டாய்லெட் ஆசிடும் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தவன். வேலை நடந்தது. பழுப்புக் கறை இல்லை, செம்பு கரையக் கரையத் தண்ணீர் மரகதப் பச்சையாக மாறுவது கண்கொள்ளாக் காட்சி. அதையே பார்த்துக்கொண்டு குளியலறையில் குந்தியிருந்தேன். மறுநாள் காலை மனைவி கூப்பிட்டாள். புதிதாக மாட்டிய குழாய், துண்டு போடும் கம்பி, என் ஸ்க்ரூ டிரைவர் செட், எல்லாவற்றிலும் ஒரே இரவில் துரு. ஆவி போதும், தொட வேண்டியதே இல்லை. மிச்சம் பிடித்தது 150 ரூபாய், குழாய் 1,100 ரூபாய்.

இன்னொன்று. அந்தப் பச்சைத் தண்ணீரை நான் கழிவறையில் ஊற்றப் போனேன், அங்கே முந்தின நாள் போட்ட பிளீச்சிங் பவுடர் அப்படியே கிடந்தது. கடைசி நொடியில் கை நின்றது. ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. கதவு வேறு சாத்தியிருந்தது. இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தண்ணீர் இப்போதும் பாட்டிலில்தான் இருக்கிறது, மீன் தொட்டி மோட்டாரால் காற்று விட்டால் மறுபடி வேலை செய்கிறது, வெளியே கொட்டவும் மனமில்லை, செம்பு கலந்தது செடிக்கும் ஆகாது மீனுக்கும் ஆகாது.

கோவை_555:

மொட்டைமாடி, கீழ்வீட்டு மாமாவுக்குச் செய்து கொடுத்ததாக எழுதினீர்களே, அது?

மொட்டைமாடி:

அதைத்தான் யாரும் கேட்கக்கூடாது என்று இருந்தேன்.

நேற்று மாலை தண்ணீர் வரும் நேரம் பார்க்கும் சாக்கில் மாமாவின் தொட்டிப் பக்கம் போனேன். ரிலே இன்னும் ‘டக்’ என்று அடிக்கிறது. டப்பாவைத் திறக்காமல் மூடி ஓரத்தில் மூக்கை வைத்தேன். மாமா பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறார். “என்ன தம்பி, மோந்து பார்க்கிறே?” என்றார். சும்மா மாமா, என்றேன். நியூட்ரல் டியூப் 280 ரூபாய் சொன்னார்கள், வாங்கி வைத்திருக்கிறேன். மாமா ஞாயிறு காலை கோயிலுக்குப் போவார்.