தாத்தா வீடு குழு: பொங்கல் படம்

ஜனவரி 12, இரவு

பெரியம்மா: பொங்கலுக்கு எல்லோரும் சென்னையில் இருக்கிறோம். இந்த முறையாவது குடும்பப் படம் ஒழுங்காக வர வேண்டும். போன வருடப் படத்தைச் சட்டம் போட்டு மாட்ட மனமே வரவில்லை.

அத்தை: அதில் எல்லோரும் புளியங்காயைக் கடித்த முகத்தோடு நிற்கிறோம்.

நான்: மாலை நாலரைக்கு எடுத்ததால் வந்த வினை. சென்னையில் கடல் கிழக்கே. கடல் பின்னால் தெரிய நின்றால் மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். இந்த முறை விடியற்காலையில் போவோம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்.

சித்தப்பா: அப்போது முகம் கறுத்துவிடுமே. கன்னியாகுமரியில் நான் போனில் எடுத்ததில் உங்கள் சித்தி எது, விவேகானந்தர் பாறை எது என்றே தெரியவில்லை.

சித்தி: அந்தக் கதையை இன்னும் விடவில்லையா?

நான்: அதற்குத்தான் ஃப்ளாஷ் கொண்டுவருகிறேன்.

அக்கா: ஃப்ளாஷ் போட்டால் கல்யாண ஆல்பம் மாதிரி நெற்றியெல்லாம் எண்ணெய் வழியுமேடா.

நான்: கேமரா தலையிலேயே மாட்டினால் அப்படித்தான். நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சம் மூக்கையும் கன்னத்தையும் தட்டையாக்கிவிடும். நான் அதைக் கழற்றி இடது பக்கம் தள்ளி, தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் வைப்பேன். கேமராவில் ஃப்ளாஷைத் தூரத்திலிருந்தே அடிக்க வைக்கும் ட்ரிக்கர் இருக்கும், ஒயர் கிடையாது. தாத்தாவின் மூக்குக் கண்ணாடியில் பளிச்சென்று அடிக்காமலிருக்கவும் அந்த உயரம் வேண்டும்.

அத்தான்: யார் பிடிப்பது?

அக்கா: நீங்கள்தான். வேறு யார்?

அத்தான்: அப்போது நான் படத்தில் கிடையாதா? பரவாயில்லை, மாப்பிள்ளைதானே.

நான்: ஐயோ அத்தான், ஸ்டாண்டு இருக்கிறது. போன மாதம் ஒரு வேலையில், ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் குடை மாட்டிய ஸ்டாண்டு காற்றில் பட்டம் மாதிரி போய் அலையில் விழுந்தது. அதனால் இந்த முறை குடை இல்லை. பதினாலு பேருக்கு ஃப்ளாஷைத் தள்ளித்தான் வைக்க வேண்டும், அந்தத் தூரத்தில் குடையால் பெரிய பயனும் இல்லை. ஸ்டாண்டு காலில் மணல் மூட்டை கட்டிவிடலாம்.

பெரியம்மா: பழைய அரிசிப் பை இரண்டு இருக்கிறது. மணலுக்கா பஞ்சம்?

அத்தை: ஏன் தள்ளி? கிட்டே வைத்தால் நன்றாகத் தெரியுமே.

நான்: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், அத்தை. ஓரத்தில் நிற்கும் உங்களுக்கு 2 மீட்டரில் வைத்தால் நீங்கள் வெளுத்துப்போவீர்கள், 4 மீட்டரில் நிற்கும் சித்தப்பாவுக்குக் கால் பங்குதான் போய்ச் சேரும். தள்ளி வைத்து, கடைசி ஆளைப் பார்த்துத் திருப்பினால் வரிசை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாக விழும்.

சித்தப்பா: நான் அத்தை பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.

நான்: வெள்ளை வேட்டிக்காரர்கள் எல்லோரும் வலது கோடி. ஃப்ளாஷ் பக்கம் நின்றால் வேட்டி மட்டும்தான் தெரியும்.

அக்கா: போகி அன்றைக்கே எடுத்துவிடலாமா?

நான்: போகிப் புகையில் சூரியனே தெரியாது.

பெரியம்மா: காணும் பொங்கலுக்கு மெரினா?

சித்தப்பா: அன்றைக்கு அங்கே நிற்க இடம் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம்.

நான்: மாட்டுப் பொங்கல் காலை, திருவான்மியூர் கடற்கரை. 6:35 வாக்கில் சூரியன் எழும். 6 மணிக்கே எல்லோரும் மணலில். காலையில் காற்றும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அத்தான்: ஆறு மணியா? காபி?

பெரியம்மா: ஃபிளாஸ்கில் வரும், மாப்பிள்ளை.

மாட்டுப் பொங்கல், காலை 8:10

நான்: முதல் படம் அனுப்பியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அக்கா: தாத்தாவின் வேட்டியைக் காணோம்! இடுப்புக்குக் கீழே எல்லோரும் நிழலில் நிற்கிறோமே.

நான்: என் தப்பு. வானம் வெளுக்கிறதே என்று ஷட்டர் வேகத்தை 1/400 நொடிக்கு ஏற்றிவிட்டேன். என் கேமராவில் ஃப்ளாஷ் 1/200 வரைதான் ஒத்துப்போகும். அதற்கு மேல் போனால் ஃப்ளாஷ் அடிக்கும்போதே ஷட்டர் திரை ஒரு பங்கை மூடியிருக்கும், அந்தப் பட்டையில் ஃப்ளாஷ் விழாது. உடனே ஷட்டரை 1/200, லென்ஸ் திறப்பை எஃப் 8, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று மாற்றினேன். இரண்டாவதைப் பாருங்கள்.

சித்தி: அடடா. வானம் அப்படியே ஆரஞ்சு, முகமும் பளிச்சென்று இருக்கிறது.

அத்தை: முகத்திலும் வெயில் பட்ட மாதிரி இருக்கிறதே, அது எப்படி?

நான்: ஃப்ளாஷ் வாயில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளை ஒட்டியிருந்தேன். ஃப்ளாஷின் வெள்ளை வெளிச்சத்தை அப்படியே விட்டால், அந்த வானத்துக்கு முன்னால் எல்லோரும் ட்யூப்லைட் அடியில் நிற்கிற மாதிரி இருக்கும். தாத்தாவின் கன்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது பக்கம் மெல்லிய நிழல் விழுந்து சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது.

சித்தப்பா: பாட்டி மட்டும் ஏன் கடலைப் பார்க்கிறார்?

பெரியம்மா: பேரன் செருப்பை அலை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் நேராகப் பார்க்கிறார். அதைத்தான் சட்டம் போடப் போகிறேன், 12க்கு 18.

அத்தான்: நானும் இருக்கிறேன். டைமர் போட்டுவிட்டு நீ ஓடி வந்ததில் உன் தலை மட்டும் கலங்கியிருக்கிறது.

நான்: ஆறாவதில் சரியாக இருக்கிறேன்.

பெரியம்மா: அதில் பாட்டி கண்ணை மூடியிருக்கிறார். ஐந்துதான்.

நான்: சரி, பெரியம்மா. உப்புக்காற்று பட்டது, ஃப்ளாஷையும் ஸ்டாண்டையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருகிறேன்.

சித்தப்பா: அந்த அரிசிப் பைகளை என் காரில் வைத்தது யார்? சீட்டெல்லாம் மணல்.