மயில்துத்தத்தில் எனக்கு நாலு தண்ணீர்தான் வந்தது

தென்றல்76:
ப்ளஸ் ஒன் லேப். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட் படிகத்தில், ஒரு மோல் உப்புக்கு (மோல் என்பது துகள்களை எண்ணும் அளவு) எத்தனை மோல் தண்ணீர் என்று கண்டுபிடிக்க வேண்டும். 2.50 கிராம் மயில்துத்தத்தைச் சீனாக் கிண்ணத்தில் போட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். நீலம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து கோலமாவு மாதிரி ஆகிவிட்டது. ஆற வைத்து எடை போட்டால் 1.78. போன தண்ணீர் 0.72 கிராம், 18-ஆல் வகுத்தால் 0.04 மோல். எடுத்த உப்போ 0.01 மோல். நாலுக்கு ஒன்று! புத்தகத்தில் ஐந்து. பக்கத்து பெஞ்சைப் பார்த்து 0.72-ஐ 0.90 ஆக்கினேன், சாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலேஜில்தான் தெரிந்தது: நாலு தண்ணீர் சீக்கிரம் போய்விடும், ஐந்தாவது கிளம்ப 200 டிகிரிக்கு மேல் வேண்டும். நான் காட்டிய சூடு அவ்வளவுக்கு எட்டவில்லை போல. என் எடை சரியாகத்தான் இருந்திருக்கிறது. இன்னும் உறுத்துகிறது.

ரோஸ்_சொட்டு:
எனக்கு மோல் என்றாலே ஆக்சாலிக் அமிலமும் பர்மாங்கனேட்டும்தான். அமிலத்தில் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ரோஸ் மறையாமல் நின்றால் வினை முடிந்தது, அதுதான் முடிவுநிலை. அமிலத்தை முதலில் 60, 70 டிகிரிக்குச் சூடாக்கச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து முதல் சொட்டு விழுந்ததும் கூம்புக் குடுவை முழுக்க ரோஸ், போகவே இல்லை. முடிவுநிலை வந்தாச்சு என்று 0.1 மில்லி எழுதிவிட்டேன்! அட்டெண்டர் அண்ணன் சிரித்துக்கொண்டே குடுவையைத் துணியால் பிடித்துச் சூடு காட்டினார். கண் முன்னாலேயே ரோஸ் கரைந்து போனது. அப்புறம் விட விடக் குடித்துக்கொண்டே இருந்தது, 19.8 மில்லி வரை. வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை முடுக்கும் என்பதெல்லாம் பிறகு படித்தது.

முன்னாள்_லேப்:
தென்றல், ஐந்தாவது தண்ணீர் எல்லாம் சாக்கு. கிண்ணத்தைச் சுடச்சுடத் தராசில் வைத்திருப்பீர்கள். நானும் ஒருமுறை வைத்துத் திட்டு வாங்கியவன்தான். இனி செய்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் வெறும் கிண்ணத்தைச் சூடாக்கி, ஆற்றி, எடை குறித்துக்கொள்ளுங்கள். உப்பை டெசிகேட்டரில் (உள்ளே ஈரம் இல்லாத மூடிய கண்ணாடி ஜாடி) ஆற வையுங்கள். வெளியே வைத்தால் அந்த வெள்ளைப் பொடி காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நீலமாகும். திரும்பச் சூடு, திரும்ப எடை, இரண்டு எடையும் ஒன்றாகும்வரை. பர்னரில் ரொம்பக் காய்ச்சாதீர்கள், கறுத்துவிடும். கறுப்பு என்றால் காப்பர் ஆக்சைடு, கணக்கே போச்சு. அப்புறம் கிண்ணத்தைக் கையால் தொடாதீர்கள், இடுக்கி எதற்கு இருக்கிறது?

தென்றல்76:
ஐயா, சுடச்சுட வைத்தால் சூடான காற்று மேலே கிளம்பி எடை குறைவாகக் காட்டும். அப்போது இழப்பு கூடித்தான் தெரியும். எனக்குக் குறைந்தல்லவா வந்தது? ஆற வைத்து என்று எழுதியும் இருக்கிறேன். ரெக்கார்டு நோட்டு பரணில் கிடக்கிறது. 9-க்கு அடியில் அந்த 7 இன்னும் தெரிகிறது.