மறு: பவர் ஸ்டியரிங் பெட்டிக்குத் தமிழ் – ‘துணைவிசைச் சுக்கான் பெட்டி’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக, ஸ்டியரிங்கைத் திருப்பும் கைக்கு எண்ணெய் அழுத்தத்தால் உதவும் பவர் ஸ்டியரிங் பெட்டிக்கு என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் கேட்டிருந்தீர்கள்.

என்னிடம் 1978-இல் வந்த மகிந்திரா சிஜே-3பி ஜீப் ஒன்று இருக்கிறது. போடிமெட்டு மலைச்சாலையில் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஒடித்துத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை இறங்கிப்போகும். இரண்டு வருடம் முன்பு அதன் பழைய ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பொலேரோவின் பவர் ஸ்டியரிங் பெட்டியை மாற்றிக்கட்டினேன். அதனால் இந்தச் சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

> “ஆற்றல் திசைமாற்றிப் பெட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். பாடநூலில் பழகிய சொற்கள்தானே.”

பழகிய சொற்கள்தான், ஆனால் இரண்டுமே இங்கே பொருந்தவில்லை.

முதலில் ‘திசைமாற்றி’. நேர்மின்னோட்ட மோட்டாரில் மின்னோட்டத்தின் திசையை மாற்றும் செம்பு வளையத்துக்கும் பள்ளிப் பாடத்தில் இதே பெயர்தான். என் ஜீப்பின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் அப்படி ஒரு திசைமாற்றி இருக்கிறது. ஒரே வண்டியில் இரண்டு திசைமாற்றி இருந்தால், பழுதுபார்க்கும் கையேடு எழுதுகிறவர் எதை எதென்று சொல்வார்?

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘சுக்கான்’ எனக்குப் பிடித்திருக்கிறது. படகின் பின்னால் நின்று ஒரு கட்டையை அசைத்து மொத்தப் படகையும் திருப்புகிற காரியமும், ஸ்டியரிங் செய்கிற காரியமும் ஒன்றுதான். அரபியிலிருந்து வந்த சொல் என்று ஒருவர் ஆட்சேபித்திருந்தார். வந்தது உண்மை. கடல் வழியாக வந்து, நம் கடற்கரையில் மீனவர் வாயில் தங்கி, அகராதியிலும் ஏறிவிட்டது. அதை வெளியே தள்ளிவிட்டு ஐந்து அசையில் ஒன்றைக் கட்டி உட்கார வைக்க வேண்டியதில்லை.

இங்கே போடியில் ஓட்டுநர்கள் ‘ஒடி’ என்கிறார்கள். “நல்லா ஒடிச்சு வாங்கு” என்றால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பு என்று பொருள். இதிலிருந்து ‘ஒடிப்பான்’ என்று ஆக்கலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். பாகத்தின் பெயராக வைத்தால் உடைப்பது என்ற பொருள் முந்திக்கொள்கிறது. வினையாக இருக்கட்டும்: சுக்கானை ஒடி, முழு ஒடிப்பு, இடது ஒடிப்பு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எத்தனை சுற்று என்பதற்கு ‘ஒடிப்புச் சுற்று’ என்றால் பட்டறையில் உடனே புரியும்.

இனி ‘பவர்’ என்ற முன்பாதி. உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டு இயற்பியலில் ஆற்றல் என்பது எனர்ஜி, பவர் என்பது திறன். இலங்கையில் எனர்ஜி சக்தி, பவர் வலு. எதை வைத்தாலும் பாதிப் பேருக்குத் தவறான பொருள் போகும். அதைவிட, ஆங்கிலத்தில் அந்தச் சொல் எதைச் சொல்ல வருகிறது என்று பார்க்காமலேயே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். உள்ளே ஒரு திருகுத் தண்டு. அதன் மேல் ஒரு மரை (நட்). இரண்டுக்கும் இடையில் எஃகுக் குண்டுகள் வரிசையாக உருண்டு, ஒரு குழாய் வழியாக மீண்டும் தொடக்கத்துக்கே வந்து சேரும். சுக்கானை ஒடித்தால் மரை முன்னும் பின்னும் நகரும். மரையின் வெளிப்புறப் பற்கள் ஒரு விசிறிப் பல்லிணையைத் திருப்பும். அதன் நுனியில் மாட்டிய கை வீசி, சக்கரத்துக்குப் போகும் தண்டைத் தள்ளும். இவ்வளவும் இதே வகையில் கையால் ஓட்டும் பெட்டியிலும் உண்டு. பவர் பெட்டியில் கூடுவது இதுதான்: மரையே ஒரு பிஸ்டனாக எண்ணெய்க்குள் நிற்கிறது. சுக்கான் தண்டுக்கும் திருகுக்கும் நடுவில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று. நாம் ஒடிக்கும்போது சக்கரம் எதிர்த்தால் அந்தக் கம்பி சில பாகை முறுகும். முறுகிய அளவுக்கு வால்வு திறந்து, பம்ப் அனுப்பும் எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கம் பாயும். கை நின்றதும் மரை எட்டிப்பிடிக்கும், வால்வு மூடும்.

பெல்ட் அறுந்து பம்ப் நின்றுவிட்டாலும் வண்டி திரும்பும். முறுக்குக் கம்பி ஓரளவுக்கு மேல் முறுகாமல் இரும்போடு இரும்பு மோதி நிற்கும், அப்புறம் நம் கைபலம் நேராகத் திருகுக்குப் போகும். கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். திருப்புவது எப்போதும் நாம்தான், எண்ணெய் உடன் நின்று தள்ளுகிறது. இது புரியாமல் “பவர் போச்சு, ஸ்டியரிங் போச்சு” என்று மலைச்சாலையில் பதறிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பயமுறுத்தியதில் அந்தப் பெயருக்கும் பங்கு உண்டு.

மற்ற மொழிக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பிரெஞ்சில் ‘திரெக்சியோன் அசிஸ்தே’, உதவி பெற்ற திருப்பம். ஜெர்மனில் ‘சேர்வோலெங்குங்’, ‘சேர்வோ’ லத்தீனில் ஊழியம் செய்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பிரிட்டனிலும் ‘பவர் அசிஸ்டட்’ என்று நடுவில் உதவியைச் சேர்த்துச் சொல்வார்கள். பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1951-இல் கிறைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்தபோது அதன் வணிகப் பெயர் ‘ஹைட்ராகைட்’.

ஆகவே ‘துணைவிசை’ என்கிறேன். விசை என்பது இரு கரையிலும் ஃபோர்ஸ்தான், குழப்பம் இல்லை. துணைவிசைச் சுக்கான், துணைவிசைச் சுக்கான் பெட்டி. துணை இல்லாத பழைய பெட்டி ‘கைவிசைப் பெட்டி’. பேச்சில் ‘துணைப்பெட்டி’ என்று சுருங்கினாலும் கெடுதல் இல்லை.

> “மின்மோட்டார் உதவும் புதிய கார்களுக்கும் இது பொருந்துமா?”

பொருந்தும். எண்ணெய்த் துணைவிசை, மின் துணைவிசை என்று பிரித்துக்கொள்ளலாம். சொல்லுக்குள் எண்ணெயையோ நீரையோ வைக்காததன் வசதி இதுதான்.

பெட்டியிலிருந்து தொங்கும் அந்தக் கைக்கு (ஆங்கிலத்தில் ‘பிட்மேன் ஆர்ம்’) ஒருவர் ‘குழியாள் கை’ என்று மொழிபெயர்த்திருந்தார். பிட்மேன் என்பது மரம் அறுக்கும் குழிக்குள் நின்று ரம்பத்தின் கீழ்முனையை இழுத்த ஆளைக் குறித்த சொல்தான், அதில் தவறில்லை. ஆனால் நம் மெக்கானிக்கிடம் அந்தக் குழியும் இல்லை, ஆளும் இல்லை. அவர் ‘ட்ராப் ஆர்ம்’ என்பார். அது செய்வது வீச்சு, எனவே ‘வீச்சுக்கை’ என்று வைப்போம்.

பெயரில் விசை இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பிஸ்டன் விட்டம் 7.5 செ.மீ. என்றால் பரப்பு 44 சதுர செ.மீ. எண்ணெய் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 80 கிலோ என்றால் மரையைத் தள்ளும் விசை மூன்றரை டன். பல்லிணையின் ஆரம் 3.5 செ.மீ., வீச்சுக்கையின் நீளம் 15 செ.மீ. என்றால் கையின் நுனியில் ஏறக்குறைய 800 கிலோ. அதே 800 கிலோ எதிர்த்திசையில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைத் தள்ளும்.

பழைய ஜீப் சேசிஸ் இதற்காகச் செய்ததல்ல. அதில் இருந்தது ராஸ் வகைப் பெட்டி: திருகுப் பள்ளத்தில் இரண்டு முளைகள் ஓடி ஒரு நெம்புகோலை அசைக்கும். அங்கிருந்து ஒரு தண்டு நடுவிலுள்ள பெல்கிராங் என்ற மடக்கு நெம்புகோலுக்குப் போகும், பெல்கிராங்கிலிருந்து இரு சக்கரத்துக்கும் தனித்தனித் தண்டு. துணைப்பெட்டி மாட்டும்போது இந்தப் பெல்கிராங்கைத் தூக்கிவிடுவார்கள். எனக்கு மாட்டிய பட்டறையில் சேசிஸுக்கு உள்பக்கம் தகடு வைக்காமல், போல்ட்டு நசுக்காமலிருக்கக் குழாய்த்துண்டும் போடாமல் முறுக்கிவிட்டார்கள். எட்டாவது மாதம் போல்ட்டு ஓட்டையைச் சுற்றி விரிசல். நின்ற இடத்தில் ஒடித்தால் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தே அசைந்தது. பிறகு தகடு வைத்துப் பற்றவைத்து, எதிர்ப்பக்கச் சேசிஸோடு ஒரு குறுக்குத்தண்டும் கொடுத்தேன். இதற்கு ‘பெட்டித் தாங்கல்’ என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் ‘ப்ளீடிங்’குக்குக் ‘குருதிவடித்தல்’ என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இஞ்சினைப் போடாமல், முழு இடது முழு வலது என்று இருபது தடவையாவது மெதுவாக ஒடித்து, எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போடியில் இதற்கு “ஏர் எடுக்கிறது” என்பார்கள். ‘காற்றெடுப்பு’ என்று எழுதுவோம்.